இலை மஞ்சளித்தால் வேரைக் கேளுங்கள்

சென்ற தவணை தொடக்கத்தில் நமது கல்லூரி முன்முற்றத்தில் பூஞ்செடிகள் நட்டோம். செவ்வரத்தை, குரோட்டன், ரோஜா என்று விடுதி மாணவிகள் ஆளுக்கொரு செடி. தண்ணீர் ஊற்றினோம், கல் அடுக்கி வரம்பு கட்டினோம், படமும் எடுத்துக்கொண்டோம். ஒரு மாதம் போகவில்லை, பாதிச் செடிகளின் இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கின.

அதன் பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுத வந்தேன். "தண்ணீர் போதாது" என்றாள் ஒருத்தி. "தண்ணீர் கூடிப்போச்சு" என்றாள் இன்னொருத்தி. "ஒரு பிடி யூரியா போட்டால் மூன்று நாளில் பச்சை பிடிக்கும்" என்று ஒரு தங்கை அடித்துச் சொன்னாள். கண்ணூறு பட்டுவிட்டது என்றவர்களும் உண்டு. எல்லோரிடமும் மருந்து இருந்தது. செடியருகில் குந்தியிருந்து, மண்ணைக் கிளறி, வேர் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர் மட்டும் எவருமில்லை.

சகோதரிகளே, மஞ்சள் இலை என்பது ஒரு நோயின் பெயரல்ல. அது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குக் காரணம் ஆயிரம் இருக்கலாம். காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பது உதவியல்ல, அவசரம். அந்த அவசரத்தால் செடியும் சாகும், மலையும் சாகும், மனிதரும் வாடிப்போவார்கள். இதுவே என் கருத்து. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் கையாலேயே ஒரு செடியைக் கொன்றபிறகு சொல்கிறேன்.

எனது ஊர் டிக்கோயா. ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் போகும் வீதியில் உள்ள சிறு நகரம். வாப்பாவுக்கு அங்கே ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் மண்மேடு, மேட்டுக்கு மேலே தேயிலை மலை. 2021ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மழைக்கு மண்மேடு சரியாமலிருக்க வாப்பா புதிதாக ஒரு சுவர் கட்டியிருந்தார். அந்தச் சுவரோரம் வெறுமையாகக் கிடந்ததால் ஆறு ஹைட்ரேஞ்சியாக் கன்றுகளை நட்டேன். மலையகத்துப் பங்களாத் தோட்டங்களில் நீலக் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, அதே செடி.

வைகாசி மழையில் நட்டவை. ஆடிக்குள் தளிரெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது, நடுவெல்லாம் எலுமிச்சை நிறம். எனக்கு அழுகையே வந்தது. கடையின் மூலையில் பழைய யூரியா கொஞ்சம் ஒரு பையில் மிஞ்சியிருந்தது. யாரையும் கேட்கவில்லை. ஆறு செடிக்கும் அள்ளி அள்ளிப் போட்டேன். நான்கு நாளில் மூன்று செடிகளின் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. ஒரு வாரத்தில் அந்த மூன்றும் விறகுக் குச்சியாகிவிட்டன.

அந்த நேரத்தில்தான் என் வகுப்புத் தோழியின் அம்மா மாவும் பருப்பும் வாங்கக் கடைக்கு வந்தார். மலையில் கொழுந்து பறிப்பவர். நான் அவரை மாமி என்றே கூப்பிடுவேன். உம்மா அவரைப் பின்பக்கம் அழைத்து வந்து செடிகளைக் காட்டினார். மாமி இலையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு விறகுத் துண்டால் மண்ணைத் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் சீமெந்துக் கட்டிகளும் சுண்ணாம்புச் சாந்தும் உடைந்த கற்களும் வந்தன. சுவர் கட்டிய மேசன்மார் மிச்சமெல்லாவற்றையும் அங்கேயே புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"என்னா பாப்பா, சுண்ணாம்புக் குழியில கொண்டாந்து வச்சிருக்கீங்க. இதுக்கும் தேயிலைக்கும் ஒரே குணம். புளிச்ச மண்ணுதான் வேணும்" என்றார். பிறகு செடியடியில் கரையாமல் கிடந்த வெள்ளை மணிகளைப் பார்த்தார். அவருடைய முகம் மாறிவிட்டது. "மலைக்கே பசளை இல்லாமக் கெடக்கு. நீங்க பூச்செடிய எரிக்கப் போட்டிருக்கீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அன்று மாமி சொன்னது எவ்வளவு சரி என்பது உயர்தரத்தில் படிக்கும்போதுதான் விளங்கியது. தேயிலை, கமேலியா, ஹைட்ரேஞ்சியா போன்றவை அமில மண்ணை விரும்புபவை. தேயிலைக்கு மண்ணின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. சீமெந்தும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும். கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. பச்சையம் உண்டாக இரும்பு வேண்டும். ஆகவே தளிர் மஞ்சளிக்கும். என் செடிக்கு இல்லாமல் போனது நைதரசன் அல்ல. நான் கொடுத்ததோ நைதரசன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவருக்கு உப்பை ஊட்டியது போலத்தான்.

நம்மில் பலர் வீட்டில் செடி வளர்ப்பவர்கள். ஆகவே இலை எதைச் சொல்கிறது என்பதை நான் கற்றுக்கொண்ட அளவில் எழுதுகிறேன்.

முதலில் பார்க்கவேண்டியது, மஞ்சளிப்பது பழைய இலையா, புதிய இலையா என்பதை. நைதரசன் செடிக்குள்ளே நகரக்கூடிய சத்து. அது குறைந்தால் செடி தன் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளிலிருந்து அதை எடுத்துத் தளிருக்கு அனுப்பும். வீட்டில் கறி குறைந்தால் உம்மா தன் கோப்பையில் குறைத்துக்கொள்வதைப் போல. எனவே அடியிலைகள் நரம்போடு சேர்ந்து முழுதாக வெளிறினால் நைதரசன் குறைவு என்று சந்தேகிக்கலாம். மகனீசியமும் நகரக்கூடியதே. அது குறைந்தாலும் அடியிலைகளே மஞ்சளிக்கும், ஆனால் நரம்புகளை ஒட்டிய பகுதி பச்சையாக நிற்கும். இரும்பு அப்படி நகராது. அது கிடைக்காவிட்டால் முதலில் தளிர்தான் மஞ்சளிக்கும்.

இரண்டாவது, மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதா என்று பார்க்கவேண்டும். வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் தேங்கிய குழியில் காற்று இல்லை. அங்கே வேர் கறுத்து, அழுகி, நாற்றமடிக்கும். அந்தச் செடியைப் பார்த்து "தண்ணீர் போதாது" என்று இன்னொரு வாளி ஊற்றுவது அதை மூழ்கடிப்பதாகும். தேயிலை மலையில் கான் வெட்டுவது மண் கழுவிப்போகாமலிருக்க மட்டுமல்ல, நீர் தேங்காமலிருக்கவும்தான்.

மூன்றாவது, நட்ட விதம். இடம்மாறிய செடியின் சிறு வேர்கள் அறுந்திருக்கும். அடியில் ஒன்றிரண்டு இலை மஞ்சளித்து விழுவது இயல்பு. புது வேர் விட்டதும் தானாகத் தேறிவிடும். அந்த நேரத்தில் பசளையைக் கொட்டினால் இளவேர் கருகும். பொறுத்திருப்பதும் ஒரு வைத்தியம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இவ்வளவும் பூச்செடிக்கு. இனி மலைக்கு வருகிறேன்.

நான் யூரியாவை வீணாக்கிய அதே 2021ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வெளிவந்தது. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்றார்கள். படிப்படியாக அல்ல, ஒரே போகத்தில். விவசாயப் பேராசிரியர்களும் தேயிலைத் துறையினரும் வேண்டாம் என்றார்கள். 1925இல் தொடங்கிய பரம்பரையைக் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகமே நம் நாட்டில், தலவாக்கலையில் இருக்கிறது. இருந்தும் அறிவுக்கு முன்னால் அவசரம் ஓடியது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். தேயிலையில் நாம் பறிப்பது பழத்தையோ விதையையோ அல்ல, தளிரை. செடியில் நைதரசன் அதிகமாக இருக்கும் இடமே தளிர். ஆயிரம் கிலோ தேயிலைத் தூள் மலையை விட்டுப் போகும்போது அதோடு சுமார் 40 கிலோ நைதரசனும் போகிறது. போனதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தால் அதுவே பெரிது. அப்படியானால் ஒரு மூடை யூரியாவின் நைதரசனைக் கொடுக்க ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். வாகனம் ஏறாத செங்குத்து மலையில் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக, சுமைக்கு 20 கிலோ என்றால் 75 நடை. அதுவும் உடனே வேருக்குக் கிடைக்காது. உக்கி உக்கித்தான் கிடைக்கும். எங்களூர்க் குளிரில் உக்குவதும் மெதுவாகவே நடக்கும். இவ்வளவு கூட்டெரு அன்று நாட்டில் எங்கே இருந்தது? சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையிலும் நோய்க்கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் சொல்லப்பட்டு, கடைசியில் அந்தக் கப்பல் இறக்காமலே திரும்பிப் போனது.

மாமியின் தோட்டத்தில் அந்த மழைக்காலத்தில் ஒரு மலைக்குப் புதுக் கன்று வைத்திருந்தார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கி, மண் தேறப் புல் வளர்த்து, தவறணையிலிருந்து கன்று சுமந்து, குழிக்குக் குழி குனிந்து நட்டது மாமியின் ஆட்கள்தான். மூத்த தேயிலை தன் தண்டிலும் வேரிலும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும், சில மாதம் தாங்கும். புதுக் கன்றுக்கு என்ன சேமிப்பு? அடியிலை முழுதாக வெளிறியது. இது என் சுவரோரச் செடியின் மஞ்சள் அல்ல. இது உண்மையான பசி. "எங்க புள்ளைக மாதிரி நிக்குது பாப்பா" என்று மாமி ஒருநாள் கடையில் சொன்னார்.

தடை 2021 முடிவதற்குள் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் உலகச் சந்தையில் பசளை விலை ஏறியிருந்தது, நாட்டில் டொலரும் இல்லை. 2022இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் போனதும் சேர்ந்துகொண்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. ஒரே ஆண்டில் ஆறில் ஒரு பங்கு.

இந்த எண்ணைப் பத்திரிகையில் படிப்பதற்கு முன்பே நான் வாப்பாவின் கடன் கொப்பியில் படித்துவிட்டேன். 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று சட்டமானது. அந்த மகிழ்ச்சியை மலையில் எல்லோரும் பேசினார்கள். ஆனால் பேர் முழுதாக விழ, கேட்ட கிலோவைப் பறிக்கவேண்டும். செடி துளிர்க்காவிட்டால் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் கூடை நிரம்பாது. கிலோ குறைந்த நாள் அரைப் பேர். இலையில் மஞ்சள் ஏற ஏறக் கொப்பியில் மாமியின் கணக்கு நீண்டது. முதலில் பால்மா நின்றது. பிறகு பருப்பு நின்றது. கடைசியில் கோதுமை மாவும் உப்பும் மட்டும் எழுதப்பட்டிருந்தன. 2022 நடுப்பகுதியில் மொத்த வியாபாரிகள் வாப்பாவுக்குக் கடன் தருவதை நிறுத்தினார்கள். வாப்பாவும் கொப்பியை மூடினார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் இரவுக்கு ரொட்டிதான். ஆனால் அதன் பிறகு மாமி எங்கள் கடைப்பக்கமே வருவதில்லை. கடன் வைத்தவருக்குக் கடைவாசல் ஒரு மலையைவிட உயரம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இரசாயனப் பசளை மண்ணுக்கு நல்லதா? ஆண்டாண்டாகக் கொட்டியதால்தானே மண் செத்தது? இதைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நைதரசன் பசளையை அளவின்றிப் போட்டால் மண்ணின் அமிலம் கூடும். மிஞ்சியது மழையில் கரைந்து ஓடைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் போகும். டிக்கோயா மலையில் விழும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தானே இறங்குகிறது? உக்கிய இலையும் தழையும் இல்லாத மண் ஈரத்தைப் பிடித்துவைக்காது, போட்ட பசளையையும் பிடித்துவைக்காது. கூட்டெரு மண்ணுக்கு வீடு கட்டித் தருகிறது என்று சொல்லலாம். வீடு இல்லாத இடத்தில் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

ஆனால் மாமியின் தலைமுறைக்கு இது புதிய பாடமா? கவ்வாத்து வெட்டிய வாதுகளை மலையிலேயே பரப்பி உக்கவிடுவது, முள்முருங்கையை வெட்டிப் பசுந்தாளாகப் போடுவது, முள்ளுக் குத்தி மண்ணை இளக்குவது, பிடுங்கிய மலையில் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து மண்ணைத் தேற்றுவது, எல்லாம் அவர்கள் கைகள் காலங்காலமாகச் செய்தவை. சேதன முறையை உண்மையாக விரும்பியவர்கள் அந்தக் கைகளிடம் கேட்டிருக்கலாம். ஒரு மலையில் தொடங்கி, பார்த்து, திருத்தி, பத்து வருடத்தில் மாறியிருக்கலாம். இரசாயனமா சேதனமா என்று நாம் சண்டை பிடிக்கிறோம். என்னைக் கேட்டால், பிழை பசளையில் இல்லை. மண்ணையும் கேட்காமல், மண்ணில் நிற்பவரையும் கேட்காமல் மருந்து எழுதியதே பிழை. நான் ஒரு பிடி யூரியாவை அள்ளிப் போட்டதும், நாட்டில் எல்லா யூரியாவையும் ஒரேநாளில் நிறுத்தியதும் எதிரெதிரான செயல்களாகத் தெரியலாம். இரண்டிலும் இருந்தது ஒரே அறியாமைதான்.

எங்கள் மலைகளுக்கு இது முதல்முறையும் அல்ல. தேயிலைக்கு முன்னே டிக்கோயா கோப்பி மலையாக இருந்தது. 1869இல் இலங்கையில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போன்ற புள்ளிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இலைத்துரு நோய். பசளையைக் கூட்டினால் மரம் தாங்கிக்கொள்ளும் என்று நம்பிய தோட்டத்துரைமார் பலர். 1880இல் ஹரி மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கு வந்து இரண்டு வருடம் இலை இலையாக ஆராய்ந்தார். இது ஒரு பூஞ்சணம், காற்றில் பரவுகிறது, மலை மலையாக ஒரே பயிரை நட்டதே அதற்குப் பாதை போட்டது என்று காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நோய் கண்ட இருபது ஆண்டுக்குள் உலகச் சந்தையில் பெயர்பெற்ற இலங்கைக் கோப்பி அநேகமாக இல்லாமலே போனது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. துரைமார் கோப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். இடையில் வேலையும் சோறும் இல்லாமல் நின்றவர்கள், கடல் கடந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர். மஞ்சள் இலையின் விலையை அன்றும் அவர்களே கட்டினார்கள்.

இனி, எழுத எனக்கு மிகக் கஷ்டமான பகுதி.

பாடசாலை திறந்தபின் என் தோழி அடிக்கடி பிந்தி வந்தாள். வீட்டுவேலை செய்துவருவதில்லை. கணித பாடத்தில் தூங்கினாள். முன்பு கேள்வி கேட்டுக் கேட்டு எங்களைச் சிரிக்கவைத்தவள், கடைசி வாங்கில் பேசாமல் உட்கார்ந்தாள். "படிப்பில் அக்கறை இல்லாமல் போய்விட்டது" என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நாங்களும் சொன்னோம். நான் வகுப்புத் தலைவி. பிந்தி வருபவர்களின் பெயரை எழுதி ஒப்படைப்பது என் கடமை. அந்தத் தவணையில் அவள் பெயரை நான் எத்தனை தடவை எழுதினேன் என்று எண்ணவில்லை. கையெழுத்து அழகாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

பிறகுதான் தெரியவந்தது. நாட்சம்பளம் போதாமல் மாமி லீவு நாட்களிலும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனார். மற்ற நாட்களில் விடியுமுன்பே தூரத்து மலைக்கு ஏறினார். தோழி இருட்டில் எழும்பி ரொட்டி சுட்டு, தம்பியைக் குளிப்பாட்டி, அவனுடைய பாடசாலையில் விட்டுவிட்டு மூன்று மைல் நடந்து வந்தாள். பஸ்ஸுக்குக் காசில்லை. பல நாள் காலையில் அவள் சாப்பிடவுமில்லை. அடியிலை தன் சத்தைத் தளிருக்குக் கொடுத்துவிட்டு மஞ்சளித்து நின்றது. நான் பாடத்தில் அதைப் படித்துப் பரீட்சையில் சரியாக எழுதினேன். பக்கத்து வாங்கில் இருந்ததை வாசிக்கத் தெரியவில்லை.

மறுவருடம் அவள் பாடசாலைக்கு வரவில்லை. இப்போது கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறாள். பெருநாள் லீவில் நான் ஊருக்குப் போனபோது தொலைபேசியில் பேசினோம். "நான் உன் பெயரை எழுதினேனே" என்றேன். "நீ எழுதாட்டி வேற யாராவது எழுதியிருப்பாங்க. ஆனா ஏன் லேட்டுன்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு, "அந்தச் செடி பூத்திச்சா?" என்று கேட்டாள்.

பூத்தது. உயிரோடு இருந்த மூன்று செடிகளையும் அன்று மாமிதான் வேர் அறுபடாமல் மண்ணோடு கிளப்பி, மேட்டின் மறுபக்கம் சவுக்கு மரத்தடியில் வைத்தார். வேறெதுவும் செய்யவில்லை. உக்கிய இலையைச் சுற்றிப் பரப்பிவிட்டு, "ஒரு மாசம் தொடாதீங்க" என்று சொன்னார். இரண்டு மாதத்தில் பச்சைத் தளிர் வந்தது. அடுத்த வருடம் நல்ல நீலத்தில் பூத்தது. அமில மண்ணில்தான் அந்த நீலம் வரும் என்பதையும் பிறகுதான் படித்தேன்.

இந்தக் கதையையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் சென்ற மாதம் ஒரு மாலை, அஸருக்குப் பின், நமது முன்முற்றத்தில் மஞ்சளித்து நின்ற ஒரு ரோஜாவைத் தோண்டினேன். கறுப்புப் பொலித்தீன் பை அப்படியே இருந்தது. அடியில் மட்டும் ஒரு கீறல். வேர்கள் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே வளையம் வளையமாகச் சுற்றிக் கிடந்தன. பக்கத்துச் செடியும் அப்படித்தான். படமெடுக்கும் அவசரத்தில் நாமே பையோடு நட்டிருக்கிறோம். தண்ணீரும் குறையவில்லை, யூரியாவும் குறையவில்லை, யாருடைய கண்ணும் படவில்லை. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பைகளைக் கிழித்து, சுருண்ட வேரை மெதுவாக விரித்து, திரும்ப நட்டோம். இரண்டு செடி பிழைக்காது போலிருக்கிறது. மற்றவை தேறுகின்றன.

ஆகவே நமது மாணவர் தலைவிகள் சபைக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, இனி செடி நடும் நாளில் ஒரு தோட்டத் தொழிலாளியையோ, கைதேர்ந்த தோட்டக்காரரையோ அழைத்து, எப்படி நடுவது என்று அவரிடம் கற்றுக்கொள்வோம். விருந்தினராக மேடையில் அமர்த்தி, பேசச் சொல்லி, கேட்போம். அவர்களுடைய அறிவுக்குச் சான்றிதழ் இல்லை என்பதால் அது அறிவு இல்லையென்று ஆகாது.

இரண்டாவது யோசனை செலவில்லாதது. காலையில் வாசலில் வைக்கும் பிந்தி வருவோர் பதிவேட்டில் பெயர், வகுப்பு, நேரம் என்று மூன்று நிரல்கள் இருக்கின்றன. நான்காவதாக இன்னொரு நிரல் கோடு போடுங்கள். அதற்குக் "காரணம்" என்று தலைப்பிடுங்கள். எழுதுபவள் தலைநிமிர்ந்து, எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு எழுதட்டும். சிலர் பொய் சொல்வார்கள், பரவாயில்லை. உண்மையைச் சொல்ல யாராவது கேட்கமாட்டார்களா என்று நிற்கும் ஒருத்திக்காக அந்த நிரல் இருக்கட்டும்.